கீரி கொடுத்த அவுட்

ஒரு காட்டுக் குளத்தின் பக்கத்தில் கீழ்க்கரை விலங்குகளும் மேல்கரை விலங்குகளும் பந்து ஆடிக்கொண்டிருந்தன. பனைமட்டைதான் மட்டை. கோரைப்புல்லை உருட்டிக் கட்டியதுதான் பந்து.

விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் குளம் பாதி வற்றிவிட்டது. இரண்டு கரைக்கும் தண்ணீர் போதாது. ஜெயிக்கிற கரைக்கு மழை வரும்வரை குளம் சொந்தம். தோற்கிற கரை அதற்குள் காலே வைக்கக் கூடாது. மலையடிவாரத்து ஓடைக்குத்தான் நடக்க வேண்டும்.

பந்து குளத்தில் விழுந்தால் அடித்தவர் அவுட். நனைந்த புல்பந்தை வைத்துக்கொண்டு யார் ஆடுவது? இன்னொரு வழக்கமும் உண்டு. மட்டை பிடிக்கிற பக்கத்தில் முதலில் அவுட் ஆகிறவர்தான் அம்பயர். சும்மா நிற்பவருக்கு ஒரு வேலை வேண்டாமா!

அன்று கீழ்க்கரையில் முதலில் அவுட் ஆனது கீரி. அதுவும் முதல் பந்திலேயே! முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்பயராகப் போய் நின்றது.

கடைசியாக முயல் மட்டையைப் பிடித்தது. அடித்ததெல்லாம் பறந்தது. மயில் தோகையை விரித்து ஆடியது. வாயே திறக்காத ஆமைகூட, "போடுங்கண்ணே!" என்று கத்தியது.

கீரிக்கு வயிறு எரிந்தது. 'நான் ஆடும்போது இந்த மயிலுக்கு ஓர் இறகாவது அசைந்ததா?' என்று பொருமியது.

அத்தோடு விட்டதா? குளம் வற்றிய இடத்தில் மண் குளுகுளுவென்று இருந்ததால், கீரி அங்கேதான் வளை தோண்டிக் குடியிருந்தது. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அதன் மனைவி வளையிலிருந்து தலையை நீட்டி, "முயலண்ணன் ஓடுற ஓட்டத்தைப் பாருங்களேன்!" என்றது. சொந்த மனைவியே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கடைசிப் பந்து. ஜெயிக்க இரண்டே ரன் வேண்டும். மேல்கரைக் குரங்கு பந்தை வீசியது. முயல் ஓங்கி ஓர் அடி! பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், குளம் வற்றிக் காய்ந்த தரையில் பொத்தென்று விழுந்தது. உடும்பு ஆடி அசைந்து போய் எடுப்பதற்குள் முயல் மூன்று ரன் ஓடிவிட்டது.

கீழ்க்கரை துள்ளிக் குதித்தது. குரங்கு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது.

"அவுட்!" என்றது கீரி.

"என்னது?" என்றது முயல்.

"பந்து குளத்துல விழுந்துச்சு. அவுட்!"

"அங்க ஏதுப்பா தண்ணி? பந்தைத் தொட்டுப் பாரு, காஞ்சு கிடக்கு!"

"தண்ணி இன்னிக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். கரையில நட்ட கல்லுதான் எல்லை. கல்லுக்கு உள்ள எல்லாமே குளம்!"

மயில் பாய்ந்து வந்தது. "நான் அடிச்ச பந்தும் அங்கதானே விழுந்துச்சு? அதுக்கு நாலு ரன் கொடுத்தியே!"

"அப்போ சரியா பார்க்கலை."

"அடப்பாவி! நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"அம்பயருக்கு நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு கிடையாது!" என்று நெஞ்சை நிமிர்த்தியது கீரி. பிறந்ததிலிருந்து அது இவ்வளவு நேர்மையாகப் பேசியதே இல்லை.

குரங்கு எழுந்து குதித்தது. "அம்பயர் சொன்னா சொன்னதுதான்! கல்லுக்கு உள்ள எல்லாமே குளம்! எல்லாரும் கேட்டுக்குங்க!"

"அம்பயர் பேச்சை மீறினா அப்புறம் ஆட்டமே இருக்காது" என்று முயல் மட்டையைக் கீழே வைத்தது. அதன் முகம் வாடியதைக் கண்டு கீரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியோடு வீட்டுக்குப் போனால், வளை வாசலில் உடும்பு உட்கார்ந்திருந்தது. மனைவி குட்டிகளோடு வெயிலில் நின்றது.

"இது என் வீடு!" என்று சீறியது கீரி.

"உங்க வீடு கல்லுக்கு உள்ள இருக்கே, அம்பயர் ஐயா!" என்றது பக்கத்தில் நின்ற குரங்கு. "குளம் இப்போ எங்களுது. காலை எடுங்க!"



ஓடைக்கு நெடுந்தூரம். கீரி ஒரு குட்டியைக் கவ்வியது, மனைவி ஒன்றைக் கவ்வியது. மூன்றாவது குட்டி சுடுமண்ணில் கிடந்து கத்தியது. அப்போது, முன்னால் போய்க்கொண்டிருந்த முயல் திரும்பி வந்தது. குட்டியைப் பூப்போல் கவ்விக்கொண்டு ஓடைப் பக்கம் பறந்தது.

கீரியின் மனைவி வாயிலிருந்த குட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "பார்த்தீங்களா, முயலண்ணன் ஓடுற ஓட்டத்தை!"

நீதி: அடுத்தவன் ஜெயிக்கக் கூடாது என்று பொறாமையில் சொல்லும் தீர்ப்பு, சொன்னவன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.