இழுத்தா வந்துடும்

ஆர்க்கிடெக்ட் ஞானவரதனுக்கு எல்லாமே மௌஸ்தான். அவரிடம் வேலை பார்க்கும் பொற்கொடி கம்ப்யூட்டரில் வரைந்திருந்த கூரை ஸ்லாபை, "எடுப்பா தெரியணும், இழுத்தா வந்துடும்" என்று பக்கத்து மனைக்குள் இரண்டடி இழுத்து விட்டார். தடுத்தவளை, "வாயை மூடு" என்றார்.

கான்கிரீட் போட்ட பிறகு பக்கத்து மனைக்காரர் இடிக்கச் சொல்லி வந்து நின்றார்.

"எல்லாம் இந்தப் பொண்ணு பண்ண கூத்து, பாய்" என்று, கூரை மேல் நின்றபடி வீட்டுச் சொந்தக்காரர் மீரான் பாயிடம் கூசாமல் சொன்னார் ஞானவரதன்.

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்த மௌஸை எடுத்து ஸ்லாபின் மேல் வைத்தாள்.

"உள்ளே இழுத்துடுங்க சார். இழுத்தா வந்துடுமே."

"திமிரா உனக்கு? அன்னைக்கு நான் இழுத்தது கம்ப்யூட்டர்ல. இது கான்கிரீட்."

மீரான் பாய் மெல்லத் திரும்பினார். "அப்ப இழுத்தது நீங்கதானா?"

பொற்கொடி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை மூடு என்றுதானே அவர் சொல்லியிருந்தார்.