பூவரச இலையில் போட்ட தையல்

அந்தக் காலத்தில் அணிலும் ஓணானும் ஒரே கிளையில் உட்கார்ந்து பாடம் படித்தன. பள்ளிக்கூடம் ஒரு பூவரச மரம். டீச்சர் ஒரு சிட்டு. ஆள் கட்டைவிரல் அளவு, குரலோ குளத்தங்கரை வரை கேட்கும். அவளுடைய கூடு அப்போதெல்லாம் கிளைக்கவட்டில் பஞ்சு பரப்பிய சின்னக் கிண்ணம்தான். அதில் மூன்று முட்டைகள் இருந்தன.

கிளையில் வரிசையாக இருக்கும் இலைகளில், ஓர் இலைக்கு ஓர் எழுத்தாக முள்ளால் கீறிவைப்பாள். 'பசு', 'மயில்' எல்லாம் பிள்ளைகள் கடகடவென்று படித்தார்கள். 'பந்து', 'நண்டு', 'சங்கு' வந்ததும் அணில் மகள் செவந்தி திணறினாள். இலைக்கு இலை தாவுவாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள். "ப... ந்... து..." கடைசி இலைக்கு வருவதற்குள் முதல் இலை மறந்துபோகும்.

அவள் அம்மா வேலாத்தா வந்துவிட்டாள். "இவளுக்குப் படிப்பு ஏறலீங்க டீச்சர். நாளைக்கிருந்து எங்கூட கொட்டை பொறுக்க வரட்டும்."

"நான் படிக்கோணும்மா!" செவந்தி வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"பொழுது சாயற வரைக்கும் பொறுங்கக்கா" என்றாள் டீச்சர்.

கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையிடம் குறையில்லை. அவளை நிற்கவைப்பது இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. சேர்த்துத் தைக்கலாம், ஆனால் நூலுக்கு எங்கே போவது? சட்டென்று பறந்துபோய்த் தன் கூட்டுப் பஞ்சையே பிடுங்கி வந்தாள். வேறு யாருக்கு இந்த மனசு வரும்! முட்டைகள் வெறும் குச்சிமேல் கிடந்தன. அவள் பஞ்சைத் திரித்து, அலகால் துளையிட்டு, 'ந்' இலையையும் 'து' இலையையும் ஓரமும் அடியும் சேர்த்துத் தைத்தாள்.

"இப்ப இது ரெண்டு இலை இல்ல கண்ணு, ஒண்ணு. நிக்காம தாவு."

செவந்தி தாவினாள். "ப... ந்து. பந்து! அம்மா, பந்து!"

பொழுது சாய்வதற்குள் நண்டும் சங்கும் தைத்தாயிற்று, படித்தாயிற்று. வேலாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் காற்று கிளம்பியது. பஞ்சில்லாத கூடு ஆட, முட்டைகள் விளிம்புக்கு உருண்டன. டீச்சர் படபடவென்று கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். செவந்தி ஒரே தாவில் போய், முட்டைகளை ஒவ்வொன்றாக அணைத்துவந்து, தைத்த இலைப் பைக்குள் இறக்கினாள். காற்று இலையை ஆட்டியது. தையல் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேலாத்தா வாய் நிறைய இலவம்பஞ்சோடு வந்தாள். முட்டைகளைச் சுற்றி அதை மெத்தென்று திணித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டுங்களா டீச்சர்?"

வெறும் சிட்டாக இருந்தவள் தையல்சிட்டு ஆனது அன்று முதல்தான். இன்றும் அவள் இலைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துத்தான் முட்டையிடுகிறாள்.