ரெமி உள்ளே கிடக்கிறான்

செண்பகா மேடத்தின் வகுப்பில் ஒரு தடவையாவது சாகாத மாணவன் கிடையாது, இசக்கிராஜாவைத் தவிர.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. மேடம் அங்கே வருவதற்கு முன் ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர். பாடம், ஆலைப் பாதுகாப்பு. தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் வகுப்பறை மறைந்து ஆலை வந்துவிடும். அங்கே ஒரு பெரிய டேங்க். கழுவ இறங்கிய ஆள் அடியில் விழுந்து கிடந்து கூப்பிடுவான். உள்ளே வாசனையே இல்லாத விஷவாயு. பதறிப்போய் ஏணியில் இறங்கினால் இறங்கியவனும் காலி. மேலேயே நின்று சைரனை அழுத்த வேண்டும், வெளிக்காற்றை உள்ளே தள்ளும் புளோயரைப் போட வேண்டும், சுவாச முகமூடி போட்ட மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அவ்வளவு சுலபமான பாடத்தில் இறுதியாண்டு மெக்கானிக்கல் மொத்தமும் குதித்துச் செத்தது. இசக்கிராஜா மட்டும் முதல் முயற்சியிலேயே முழு மதிப்பெண் வாங்கினான். அன்று முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை ஆலைப் பயிற்சி தொடங்குகிறது. மேடம் சரி என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அவன் வீட்டிலோ தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

"மேடம், எனக்கு ஓகேதானே?"

"மத்தவங்க ஏன் செத்தாங்க?" என்று கேட்டார் செண்பகா மேடம்.

"இளகின மனசு மேடம். ஒருத்தன் கத்தினா உடனே குதிச்சிருதானுவ."

"உனக்கு?"

"நான் ரூலை மட்டும்தான் பாத்தேன்."

மேடம் சிரித்தார். "நாளைக்கு இன்னொரு தடவை மாட்டிப் பாரு. அப்புறம் சொல்றேன்."

முழு மதிப்பெண் வாங்கியவனுக்கு மறுதேர்வா? இசக்கிராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் முதல் ஆளாக வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

அதே ஆலை, அதே டேங்க். நேற்றைப் போலவே அடியில் ஓர் ஆள். சைரனை நோக்கித் திரும்பினான்.

"எலே இசக்கி..."

ரெமியின் குரல். நான்கு வருடமாக ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட ரெமிஜியுஸ்.

"மாப்ள, மூச்சு விட முடியலைல... தூக்கி விடுல..."

இசக்கிராஜா எப்போது ஏணியில் கால் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணெதிரே எல்லாம் சிவந்தது. இருவர் மரணம் என்று எழுத்து வந்து நின்றது.

கண்ணாடியைப் பிடுங்கி எடுத்தான். "ரெமி எங்க?"

"கேண்டீன்ல பப்ஸ் தின்னுக்கிட்டு இருக்கான். நேத்து சாயங்காலம் வந்து குரல் கொடுத்துட்டுப் போனான். எப்படிக் கத்தணும்னு அவனுக்கு நான் சொல்லித்தரவே இல்லை."

"இது அழுகுணி ஆட்டம் மேடம்!"

"ஏன், நேத்து உள்ள கிடந்தது யாரு?"

"யாரோ ஒரு ஆளு."

"அந்த ஆளுக்கு ரூம்மேட் கிடையாதா?"

வகுப்பு மொத்தமும் இசக்கிராஜாவைப் பார்த்தது. முந்தின நாள் செத்துப் பிழைத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க? எறங்குனா ரெண்டு பேரும் சாவோம். எறங்கலைன்னா நான் மனுஷனே இல்ல."

மேடம் கண்ணாடியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"ரெமி இன்னும் உள்ளேதான் கிடக்கான்."

அவன் மாட்டிக்கொண்டான்.

"எலே இசக்கி..."

ஏணியை நோக்கிப் போன காலை இழுத்துக்கொண்டான். சைரனை அழுத்தினான். புளோயரைத் தள்ளிக்கொண்டு வந்து குழாயை உள்ளே விட்டான்.

"பாத்துக்கிட்டே நிக்கியேல... நீயெல்லாம் ஒரு பிரெண்டா?"

இதை ரெமி தானாகவே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். படுபாவிக்கு நடிப்பு இவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது.

"இங்கதாம்ல நிக்கேன்!" என்று டேங்குக்குள் குனிந்து கத்தினான் இசக்கிராஜா. "எங்கயும் போகலல. ஆள் வருது. நீ பேசிக்கிட்டே இரு, மாப்ள. நிறுத்தாத."

உள்ளே குரல் நின்றுபோனது. அவன் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முகமூடிக் குழு வந்து இறங்கியது. கயிற்றில் ரெமியை மேலே ஏற்றியது. எல்லாம் பச்சையானது. ஒருவர் உயிருடன் மீட்பு.

வகுப்பில் யாரும் கை தட்டவில்லை. இசக்கிராஜா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான்.

"அவ்வளவு கெஞ்சினான் மேடம். நான் எறங்கவே இல்ல. நேத்து இதே மார்க்கு வாங்குனப்ப எவ்வளவு பெருமையா இருந்துச்சு. இப்ப வெக்கமா இருக்கு."

மேடம் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். உட்பக்கம் ஈரமாக இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தார். ஒரு தடவை போதவில்லை, மறுபடியும் துடைத்தார்.

"திங்கக்கிழமை ஆலைக்குப் போ" என்றார்.

"நேத்தே சரியாத்தானே செஞ்சேன் மேடம்? நேத்து ஏன் விடல?"

செண்பகா மேடம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பெற்ற பிள்ளை பரிசு வாங்கி வந்ததுபோல் அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"நேத்து உன்னை நம்பி நான் ஒரு டேங்குல இறங்கியிருக்க மாட்டேன், இசக்கி. இன்னைக்கு இறங்குவேன். நீ மேல நின்னாப் போதும்."