கத்தாத மெஷினும் காணாத பலாப்பழமும்

வெள்ளாங்குழிக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊருக்கு இருந்த ஒரே கஷ்டமும் அதுதான்.

ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரமாகப் பார்த்து, சடையப்பன் கொல்லையில் காய்த்த பலாப்பழங்களை எவனோ ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டான். மரத்தில் மிச்சம் ஒரே ஒரு பழம். வெள்ளிக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா பலாப்பழம் என்றால் உயிரை விடுகிறவர். அவருக்கு அந்தப் பழத்தைத் தருவதாகச் சடையப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். இதுவும் போனால் கல்யாணமே போச்சு என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மச்சினன் கூத்தனும் பங்காளி பொன்னையாவும் டவுனில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் யோசனை கேட்டார்கள். கடைக்காரர் விரல் நுனி அளவில் ஒரு லேசர், வெளிச்சத்தை உணரும் சென்சார், அதோடு சேர்ந்த பஸ்ஸர், பேட்டரி, வயர் எல்லாம் எடுத்து வைத்தார்.

"பள்ளிக்கூடப் பசங்க செய்யற புராஜெக்ட்தாங்க இது. வேலி வாசல்ல இந்தப் பக்கம் லேசர், அந்தப் பக்கம் சென்சார். திருடன் குறுக்கே வந்தா கத்தும். சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு மைனஸ். மாட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக்குங்க. ஆனா லேசரைக் கண்ணால பாக்கவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சடையப்பனையும் சேர்த்து மூவரும் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

"சிவப்பு வயர் எது மாமா?" என்றான் கூத்தன்.

"தடவிப் பாரு. சூடா இருக்கறது சிவப்பு," என்றார் சடையப்பன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்போ மாத்தி மாத்தி வை."

கூத்தன் மாற்றி மாற்றி வைத்தான். எரிகிறதா என்று கேட்டான். யார் பார்ப்பது? மூவரும் ஒருவரை மாற்றி ஒருவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பொன்னையாவுக்கு ஒரு யோசனை வந்தது. "லேசரைத்தானே பாக்கக் கூடாதுன்னாரு. எதிர்ச் சுவரைப் பாக்கலாமே?"

அவன் மூளையை மற்ற இருவரும் மெச்சினார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிக் கட்டை அவிழ்த்தார்கள். சுவரில் சிவப்பாக ஒரு பொட்டு.

"அங்கேருந்து இங்க எப்படி வந்துச்சு? நடுவுல ஒண்ணையும் காணோமே," என்றார் சடையப்பன். சந்தேகத்தோடு கையைக் குறுக்கே நீட்டினார். பொட்டு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. "இருக்குடா. கண்ணுக்குத்தான் தெரியல," என்றார் பயபக்தியோடு.

எல்லாவற்றையும் வேலி வாசலில் முழங்கால் உயரத்தில் கட்டினார்கள். கூத்தன் தெரியாமல் குறுக்கே நடக்க, மெஷின் கத்தியது. மற்ற இருவரும் பாய்ந்து பிடித்து அவனை நாலு சாத்துச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு, திருடனாகிவிடக் கூடாதே என்று மூவரும் அந்த இடத்தில் காலைத் தூக்கித் தாண்டியே போய்வந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் சடையப்பன் பூ வாங்கப் போயிருந்தார். மற்ற இருவரும் காவலுக்கு இருந்தார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் கோணியோடு வந்து நின்றான்.

"காலைத் தூக்கித் தாண்டி வாங்கண்ணே. குறுக்கே வந்தா திருடனாயிடுவீங்க," என்றான் பொன்னையா அக்கறையாக.

வந்தவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தாண்டினான். "பெரிய உபகாரம்ங்க," என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ப் பழத்தை அறுத்தான்.

"திருடனா இருப்பானோ?" என்றான் கூத்தன்.

"மெஷினே சும்மா இருக்கு. நாமளா ஒருத்தர் மேல பழி போடலாமா?"

திரும்பி வரும்போது பழம் கனத்தது. பாவம், ஒற்றை ஆள். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, லேசர் வெளிச்சத்தில் படாமல் அதைத் தூக்கி வெளியே கொடுத்தார்கள்.

சடையப்பன் வந்து மரத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சே, என் பொண்ணு கல்யாணம் போச்சே," என்று அழுதார்.

"மாமா, மெஷின் கத்தவே இல்ல," என்றான் கூத்தன்.

"பழத்தைக் காணோமேடா."

"யாரோ எடுத்துட்டுப் போன மாதிரிதான் எங்களுக்கும் இருந்துச்சு. கண்ணை நம்பறதா, மெஷினை நம்பறதா? லேசரும்தான் நடுவுல கண்ணுக்குத் தெரியல. அதுக்காக இல்லைன்னுடுவீங்களா?"

சடையப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூத்தன் மரத்தடிக்குப் போய், இரண்டு கையாலும் அணைத்து, மூச்சு வாங்க வந்து, கூடத்தில் மெதுவாக இறக்கி வைத்தான். கத்தியால் வகுந்தான். சுளை சுளையாக எடுத்து இலையில் வைத்தான்.

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கு. சாப்பிடுங்க," என்றார் சடையப்பன்.

மாப்பிள்ளையின் அப்பா இலையைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, கொட்டையைத் துப்பி ஓரமாக வைத்தார்.

"பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார். பிறகு விரல்களை விரித்தபடியே இரண்டு கையையும் நீட்டினார். "கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொடுங்க சம்பந்தி. கையெல்லாம் ஒரே பிசின்."