காது இல்லாத மூங்கில்

கண் இல்லை, காது இல்லை. ஆனாலும் ஆளைப் பிடிக்கும். பிடித்தது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. அது என்ன? தெரியாவிட்டால் பரவாயில்லை. இதற்காக ஒரு காட்டில் பெரிய சபையே கூடியது.

அந்தக் காட்டுக் குளத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. துறையில் தண்ணீர் குடிக்கும் குட்டிமேல் யார் பாய வந்தாலும், "குட்டி!" என்று தாய் குரல் கொடுத்தால் ஓங்கிய பாதத்தை அடிக்காமல் இறக்கிவிட வேண்டும். புலிகூட அதை மீறியதில்லை.

அந்தக் கோடையில் நரி, துறைக்குப் போகும் வழியெல்லாம் மூங்கிலை வளைத்துக் கொடியால் சுருக்கு வைத்தது. மிதித்தால் போதும், மூங்கில் நிமிர்ந்து ஆளைத் தூக்கிவிடும். நரி வீட்டில் படுத்துக்கொள்ளலாம். யோசனை பிடித்துப்போய்ச் சிறுத்தையும் வைத்தது. செவலை என்ற தாய் முயலுக்குத் தூக்கம் போயிற்று. துறைக்குப் போக முடியாமல் அவள் குட்டி கிழங்கைக் கடித்துத்தான் நாக்கை நனைத்துக்கொண்டிருந்தது.

தானாக அடிக்கும் பொறிகளைத் தடை செய்ய வேண்டும் என்று செவலை முறையிட, யானை சபையைக் கூட்டியது. தடை செய்வதற்கு முன், தானாக அடிக்கும் பொறி என்றால் என்ன என்று முடிவு செய்ய வேண்டும் என்றது. எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கேதான் பிடித்தது வினை.

நரி எழுந்தது. "தானாக யோசித்து, தானாக இரையைத் தேர்ந்து, அடித்த பிறகு தானாக வருத்தமும் பட வேண்டும். அதுதான் ஐயா தானாக அடிக்கும் பொறி. என் மூங்கில் இதுவரை வருத்தப்பட்டதே இல்லை!"

அப்படிப்பட்ட பொறி உலகத்திலேயே இல்லை என்பதால், அதைத் தடை செய்ய நரியும் சிறுத்தையும் மனமார ஒப்புக்கொண்டார்கள்.

"அண்ணே, அது யோசிக்குமா என்று நான் கேட்கவில்லை. 'குட்டி' என்றால் நிற்குமா?" என்று கேட்டாள் செவலை.

"அதற்கு ஏதம்மா காது?"

"அப்போது நிறுத்துவது யார்?"

நரி வாயைத் திறந்தது. அதற்குள், சபை சலித்துப்போன அதன் சொந்தக் குட்டி துறைப் பக்கம் ஓடியது கண்ணில் பட்டது.

"குட்டி! குட்டி!" என்று நரி அலறியது.

மூங்கில் நிமிர்ந்தது.

யானை மூங்கிலை வளைத்து நரிக்குட்டியை இறக்கியது. கால் முறிந்திருந்தது. யார் குற்றம் என்று சபை ஆராய்ந்தது. பொறி எது என்றே முடிவாகாததால் குற்றமும் முடிவாகாது என்று சொல்லி, மழைக்குப் பிறகு கூடுவதாகக் கலைந்தது. சிறுத்தை கழற்றினால் தானும் கழற்றுவதாக நரி சொன்னது. நரி முதலில் கழற்றட்டும் என்றது சிறுத்தை. மற்றச் சுருக்குகள் அப்படியே இருந்தன.

நிறுத்தச் சொன்னால் கேட்கக் காதில்லாத ஒன்றிடம் உயிரை எடுக்கும் வேலையை ஒப்படைக்கக் கூடாது.

செவலையின் குட்டி மழைவரை காத்திருக்கவில்லை. சுருக்குக்கு வெளியே நின்று கொடியைக் கடித்து அறுத்தது.