கீழத்துறை ஓலை

அந்த ஜமீனில் ஒரு வழக்கம் உண்டு. உத்தரவு ஓலையை எழுதியவரே, அது எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்தில் தண்டோரா போட்டு, ஊர் கூடி நிற்க வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுதிய கையும் படிக்கும் வாயும் வேறானால் உத்தரவு செல்லாது.

நல்லபெருமாள் முப்பது வருஷமாக எழுதியவர், படித்தவர். ஒவ்வொரு ஓலையையும் 'சட்டப்படி' என்றுதான் தொடங்குவார். அந்தச் சொல்லை எழுதும்போது அவர் கை ஒருநாளும் தயங்கியதில்லை. அன்றைக்குத் தயங்கியது. ஓலையைச் சுருட்டிக்கொண்டு கீழத்துறைக்குப் போனார்.

அங்கே தோணி தள்ளும் வேலம்மை அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். ஊருக்கு அவள் வெறும் தோணிக்காரி. நல்லபெருமாளுக்குக் குரு. அரண்மனையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"அம்மா, 'சட்டப்படி'ன்னா என்ன பொருள்?"

"நீங்க எழுதுற சொல்லு. என்கிட்ட கேக்குதீங்க. ஓலையைப் படிங்க, அண்ணாச்சி."

படித்தார். "சட்டப்படி, நாளை முதல் கீழத்துறை அரண்மனைத் தோணிகளுக்கே உரியது. வேறு தோணி கண்டால் உடைத்துப் போடுவோம்."

உடைபடப் போவது வேலம்மையின் தோணி. அவள் முகம் மாறவில்லை. "ஏறுங்க" என்றாள்.

அக்கரையில் பேச்சி நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். மருத்துவச்சி இருப்பது இக்கரையில். தோணியை விட்டால் அக்கரை ஜனங்களுக்கு வேறு வழி இல்லை.

"இவகிட்ட படிங்க. முதல் சொல்லை மட்டும் விட்டுருங்க."

நல்லபெருமாள் ஓலையைப் பிரித்தார். பேச்சி அண்ணாந்து பார்த்தாள். அவருக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அந்தச் சொல்லு இருந்தா படிச்சிருவேன், அம்மா."

"அப்போ முப்பது வருஷமா படிச்சது யாரு வாயி?"

வேலம்மை தோணியை இக்கரைக்குத் திருப்பினாள்.

மறுநாள் காலை துறையில் தண்டோரா போட்டார்கள். அரண்மனைக் காரியஸ்தர் குதிரையில் வந்து இறங்கினார். தோணியை உடைக்கக் கோடாலியோடு நான்கு பேர் வந்திருந்தார்கள். அக்கரையிலிருந்து விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து கூடியிருந்தார்கள். எதிர்க்கரையில் பேச்சிக்கு வலி கண்டுவிட்டது என்று யாரோ கூவினார்கள்.

"படியும்" என்றார் காரியஸ்தர்.

நல்லபெருமாள் ஓலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "படிக்க முடியாது."

"என்ன வே, புத்தி பிசகிட்டா? நீர் படிச்சாத்தானே செல்லும்?"

"அதான் படிக்கலை."

காரியஸ்தர் சுற்றிலும் பார்த்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைக் கனமாக்கிக்கொண்டார். "அரண்மனை ஓலையைப் படிக்க மறுத்தா, சட்டப்படி உமக்குச் சிறை. தெரியும்லா?"

"தெரியும். நான்தான் அந்த ஓலையையும் எழுதினேன். இப்போ அந்தச் சொல்லை விட்டுட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்."

"எந்தச் சொல்லை?"

"சட்டப்படி."

காரியஸ்தருக்கு முகம் சிவந்து போயிற்று. இருபது வருஷம் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் இருவரும். ஓர் எட்டு முன்னால் வைத்தார். பிறகு கத்தினார்.

"உம்மை நான் சிறையில போடுவேன் வே! நான் போடுவேன்!"

"அப்படிச் சொல்லும்" என்று நல்லபெருமாள் இரண்டு கைகளையும் நீட்டினார். நீட்டியதை அவர் மடக்கவில்லை.

கோடாலிக்காரர்கள் காரியஸ்தரைப் பார்த்தார்கள். படிக்காத ஓலையை வைத்துக்கொண்டு அவரால் எதை உடைக்கச் சொல்ல முடியும்? நல்லபெருமாளை மட்டும் கயிற்றால் கட்டச் சொன்னார். கட்டினார்கள்.

"அம்மா, நேத்து பொருள் கேட்டேன்லா, கிடைச்சிட்டு. 'நான்'ங்கிறதை மறைக்கிற சொல்லு அது" என்றார் நல்லபெருமாள்.

வேலம்மை அப்போது தோணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மருத்துவச்சியைக் கூப்பிடுங்க" என்றாள். "தோணி போகுது."