சாம்பல் காத்தான் பாதம்

நெடுங்கோளூரை ஆண்ட கண்ணரையருக்கு எதைப் புதிதாகப் பார்த்தாலும் வாங்கிவிட வேண்டும். போன வருஷம் ஒட்டகச்சிவிங்கி வாங்கினார். அது உள்ளே வர அரண்மனை வாசலை இடித்து உயர்த்தினார்கள். இந்த வருஷம் கடல் கடந்து ஒரு கொல்லன் வந்தான். அவன் வண்டியில் இருந்தது அணு உலை.

"விறகு வேண்டாம், மகாராஜா. புகையும் கிடையாது. ஒரு கைப்பிடி கல் போட்டால் வருஷம் முழுக்க ஊரெல்லாம் விளக்கெரியும்."

"குறை?"

கொல்லன் நேர்மையானவன். "இரண்டு உண்டு. உலை வாய் பிளந்தால் ஊர் காலி. பிளக்காதபடிதான் அடித்திருக்கிறேன். இன்னொன்று சாம்பல். அது ஆறப் பத்தாயிரம் வருஷம் ஆகும். அதுவரை யாரும் தொடாமல் காவல் இருக்க வேண்டும்."

"ஆபத்தே இல்லை!" என்றார் மந்திரி பெருங்காரி. சபை மொத்தமும் தலையாட்டியது.

அரசர் அந்துவன் பக்கம் திரும்பினார். சிம்மாசனத்துக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்லாததைச் சொல்வது அவன் உத்தியோகம். அதற்குக் கூலி, அரண்மனை மடைப்பள்ளியில் தினமும் பதினோரு பதார்த்தத்துடன் மதியச் சாப்பாடு.

"அந்துவரே, இதில் நன்மை எவ்வளவு கனம், ஆபத்து எவ்வளவு கனம்? நாளைக்குள் நிறுத்துச் சொல்லும்."

"எந்தத் தராசில், மகாராஜா?"

"அது உம் பாடு."

அந்துவன் நிஜமாகவே யோசித்தான். விறகு வெட்டி வெட்டி வடக்கு மலை மொட்டையாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் இருமிக்கொண்டே பேசினார்கள். வீட்டில் அவன் மனைவி நங்கை, அடுப்பை ஊதிச் சிவந்த கண்ணோடு சொன்னாள்:

"உலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நாளையிலிருந்து இந்த அடுப்பை நீங்கள் ஊதுங்கள்."

"வேண்டும் என்று சொன்னால்?"

"அந்தச் சாம்பலை நம் தெருவில் கொட்டினார்கள் என்றால், அதன்மேல் உங்களைக் கொட்டுவேன்."

மறுநாள் அவன் வாயைத் திறக்குமுன் பெருங்காரி முந்திக்கொண்டார்.

"மகாராஜா, ஆபத்து என்றால் சாம்பல் ஒன்றுதான். ஊருக்கு வெளியே கழுகுப்பாறை இருக்கிறது. அங்கே வைப்போம். அந்துவரே காவல் இருக்கட்டும். அவருக்குப் பின் பிள்ளை, பேரன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதில் இவரை மிஞ்ச ஆள் ஏது? அதே உத்தியோகம்தான். இடம்தான் வேறு!"

சபை சிரித்தது. அரசருக்கும் யோசனை பிடித்துவிட்டது. அந்துவனுக்குக் கழுகுப்பாறையில் தானும், தன் பிள்ளையும், பேரனும், எள்ளுப்பேரனும் ஒரு சாம்பல் பானையைச் சுற்றி உட்கார்ந்து பழையசோறு தின்பது தெரிந்தது. பதினோரு பதார்த்தம் ஒவ்வொன்றாக எழுந்து போயிற்று. கடைசியாகப் போனது பலாக்கொட்டைப் பொரியல்.

"உத்தரவு, மகாராஜா," என்றான். "ஆனால் பத்தாயிரம் வருஷத்து வேலை. வாய்ச்சொல் தாங்காது. கோயில் தானங்களுக்கு வெட்டுவதுபோல் கல்லில் வெட்டித் தாருங்கள். வாசகத்தை நானே எழுதுகிறேன்."

"எழுதும், எழுதும்."

நெடுங்கோளூரில் எந்தத் தானக்கல்லும் ஒரே மாதிரிதான் முடியும். பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. அரசரும் படிக்காமல் முத்திரை வைத்தார்.

நாலாம் நாள் கல் சபைக்கு வந்தது. அந்துவனும் வந்தான். வலது காலை மட்டும் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தான். சிம்மாசனத்தின் மூன்று படியும் ஏறினான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். வலது பாதத்தை மெல்ல அரசரின் கிரீடத்துக்கு நேரே தூக்கினான்.

"ஓய்! என்ன இது?" அரசர் சிம்மாசனத்துக்குள் ஒடுங்கினார். காவலர் வாளெல்லாம் உருவப்பட்டன.

"மந்திரியாரே, கல்லைக் கொஞ்சம் படியுங்கள். சீக்கிரம். கால் வலிக்கிறது."

பெருங்காரி தடுமாறிப் படித்தார். "இச்சாம்பல் காத்தான் பாதம் என் தலை மேலது... சந்திர சூரியர் உள்ளவரை... இப்படிக்குக் கண்ணரையன்."

"என் தலையா?"

"கோயில் தானமென்றால் 'இத்தர்மம் காத்தான் பாதம்' என்று வரும், மகாராஜா. இங்கே காப்பது சாம்பல். அந்த ஒரு சொல்தான் மாற்றினேன். தலை தங்கள் தலைதான்."

"எனக்குப் பின்?"

"தங்கள் பிள்ளை தலைமேல் என் பிள்ளை கால். தங்கள் பேரன் தலைமேல் என் பேரன் கால். ஒரு முந்நூற்று முப்பது தலைமுறைக்கு. என் வம்சத்தில் எல்லோருக்கும் பித்தவெடிப்பு உண்டு."

"காலை இறக்கும் ஐயா!"

"இறக்குகிறேன். தாங்கள் நிறுத்துச் சொல்லச் சொன்னீர்கள். வெளிச்சம் எவ்வளவு என்று கண் சொல்லிவிடும். சுமை எவ்வளவு என்று தலையைத்தானே கேட்க வேண்டும்?"

அரசர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"உலை வேண்டாம் என்கிறீரா?"

"சொல்லவில்லை. சொன்னால் என்னை வீட்டில் சேர்க்கமாட்டார்கள்."

"எனக்கும் விளக்கு வேண்டும். சுமக்க ஏதோ ஒரு தலை இருந்தால் போதும், இல்லையா?" அரசர் நிமிர்ந்தார். "சிற்பியைக் கூப்பிடுங்கள். 'என் தலை' என்பதைச் செதுக்கி எடுத்துவிட்டு, 'ஆபத்தே இல்லை என்றவன் தலை' என்று வெட்டட்டும்."

சபை மொத்தமும் மந்திரியைப் பார்த்தது. அந்துவன் வலது பாதத்தை மறுபடி தூக்கி, வெடிப்பில் ஒட்டியிருந்த பீர்க்கங்காய் நாரை நிதானமாக எடுத்தான்.

"மகாராஜா!" பெருங்காரி இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். "நான் எங்கே 'ஆபத்தே இல்லை' என்றேன்? 'ஆபத்தே இல்லையா?' என்றல்லவா கேட்டேன்! அந்த 'யா' தொண்டையிலேயே நின்றுவிட்டது. புகை, மகாராஜா. ஊரெல்லாம் ஒரே விறகுப் புகை!"

அரசர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கிரீடம் உருண்டு மூன்று படியும் இறங்கிப் போயிற்று. அந்துவன் அதை எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தான்.

"அந்த 'யா'வை வரவழைக்கத்தான் காலைத் தூக்கினேன், மகாராஜா. இனி கொல்லனைக் கூப்பிடுங்கள். கேள்வி கேட்க ஆரம்பிக்கலாம்."